நத்தம் வண்டியிலிருந்து இரண்டு கேள்விகள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை விட்டு வண்டி வெளியே வந்ததும் ஸ்பீக்கரில் பாட்டு வரவில்லை. ஒரு பெண் பேசினாள். பெட்ரோல் விலையை யார் முடிவு செய்கிறார்கள், அதில் வரி எங்கே வந்து சேர்கிறது என்று, அடுப்படியில் உட்கார்ந்து பேசுவதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின் சீட்டு இளவட்டங்கள் என்னை முறைத்தார்கள். நத்தம் ரூட்டில் பாட்டைப் பார்த்துத்தான் வண்டி ஏறுவார்கள். நல்ல பாட்டுப் போடுகிற வண்டி என்று பெயர் வாங்க நானும் டிரைவர் பாண்டியராஜும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். டிக்கெட்டைப் பாதியில் விட்டுவிட்டு முன்னால் போனேன்.

"என்ன பாண்டி இது, நியூஸா?"

"செத்த நேரம் கேளு," என்றான். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்புட்டுத்தான் விசயம்" என்று அவள் ஓரிடத்தில் முடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அறிவுச்செல்வி. பாண்டியின் தங்கச்சி.

பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள். நான்கு வருடம் ஆகிறது. "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று ஊரறியச் சொன்னவன் பாண்டி. வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டமும் போட்டான். இப்போது அந்தச் சட்டம் அவன் கழுத்தையே பிடித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜெரோம், செல்வியோடு காலேஜில் எகனாமிக்ஸ் படித்தவன். வாராவாரம் அவள் இண்டர்நெட்டில் பேசுகிறாள், அதற்குப் பேர் பாட்காஸ்ட் என்று சொல்லி, சிடியில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். வீட்டில் போட்டுக் கேட்டால் அம்மா முன்னால் தோற்றதாகிவிடும். மிச்சம் இருந்தது வண்டிதான். வண்டி நிறைய ஆட்களுக்குப் போடுகிற சாக்கில் ஒரே ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு போன் போட்டால் தீர்கிற காரியத்துக்கு அமெரிக்காவில் பேங்க் ஏன் திவாலாகிறது என்பதையெல்லாம் நான் கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் ஜனங்களைக் கணிக்கவே முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் மத்தியான டிரிப்பில் முன் சீட்டுக்கு அடிபிடி ஆகிவிட்டது. சாணார்பட்டியில் இறங்குகிறவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் அவர்கள் ஊர் வந்துவிடும். மறுநாள் ஏறியதும், ரேசன் அரிசிக்கு மானியம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னாளா இல்லையா என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் அதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தேன். கோபால்பட்டி ஒச்சம்மாள், சந்தைக்குப் புளி கொண்டுபோய் விற்றுத் திரும்புகிறவள், ஸ்பீக்கருக்கு நேர் கீழே இடம் பிடித்துவிடுவாள்.

"நம்ம பக்கத்துப் புள்ள மாதிரியில்ல பேசுது," என்றாள் ஒருநாள். பாண்டி தேவையில்லாமல் ஹாரன் அடித்தான்.

அந்த வாரம் பட்ஜெட்டைப் பற்றிப் பேச்சு. பற்றாக்குறை என்றால் என்ன என்று செல்வி விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "இருடா தங்கம், அம்மா வாரேன்," என்றாள். நாற்காலி இழுபடும் சத்தம். அழுகை மெல்ல அடங்கியது. மூச்சு வாங்கியபடி வந்து, விட்ட இடத்திலிருந்து பற்றாக்குறையைத் தொடர்ந்தாள். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். பாண்டி சிரிக்கவில்லை. அவன் கியர் மாற்ற மறந்ததில் வண்டி திணறியது. தான் மாமன் ஆன சேதி அவனுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் முறுக்கிக்கொண்டால் காது காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பேச்சின் முடிவில், கேள்வி இருந்தால் எழுதி அனுப்பலாம் என்று செல்வி சொல்வது வழக்கம். அன்றைக்கு ஒச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்பா சங்கிலி, நெல்லுக்கும் கரும்புக்கும் கவருமெண்டு வெல வைக்குது. புளிக்கு ஏன் வைக்கல? அந்தப் புள்ளகிட்ட கேட்டுச் சொல்லு."

சாயங்காலம் ஜெரோம் கடைக்குப் போனேன். பாண்டியும் வந்து கதவோரம் நின்றான். ஜெரோம் ஒச்சம்மாளின் கேள்வியைத் தட்டி முடித்து, "வேற ஏதும் உண்டாண்ணே?" என்றான். நான் பாண்டியைப் பார்த்தேன். அவன் தெருவைப் பார்த்தான்.

"புள்ளைக்குக் காது குத்தியாச்சான்னு கேளு."

ஜெரோமின் விரல்கள் நின்றன. "பேரு என்ன போட?"

"நத்தம் வண்டின்னு போடு. போதும்."

"ஏலே, அண்ணன்னு போட்டாத்தான் என்ன?" என்றேன். அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

அடுத்த பேச்சு வந்த அன்று, கோபால்பட்டி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வரும்போது செல்வி கேள்விகளுக்கு வந்தாள். ஒச்சம்மாள் பெயரைச் சொல்லிப் புளிக்குப் பதில் சொன்னாள். அரசாங்கம் எந்தப் பொருளுக்கு விலை வைக்கிறது, எதைச் சந்தையின் போக்கில் விடுகிறது, யாருடைய குரல் அங்கே எட்டுகிறது என்று விவரமாகச் சொன்னாள். ஒச்சம்மாள் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அதே நத்தம் வண்டியிலருந்து இன்னொரு கேள்வி," என்றாள் செல்வி. "புள்ளைக்குக் காது குத்தியாச்சா."

அப்புறம் சத்தம் இல்லை. சிடிதான் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பிளேயரில் நம்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வண்டி கோபால்பட்டியில் நின்றது. ஒச்சம்மாள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் குத்தல," என்றது குரல். பாடம் சொல்கிற குரல் அல்ல அது. "ரெண்டு வயசு ஆகப்போகுது. மடி கெடைக்கல."

தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை, ஏறியவர்கள் நடுவழியில் நின்றார்கள். என் வாயில் விசில் இருந்தது, ஊத மனம் வரவில்லை. பாண்டி எஞ்சினை அணைத்திருந்தான். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, காக்கிப் பேண்டின் மேல், மடியில் விரித்து வைத்திருந்தான்.