நாடி எண்ணாத நான்கு நாட்கள்

மருந்தியல் தேர்வில் எங்கள் நர்சிங் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டிஜாக்சின் பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரை அது. கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் முழுதாக நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்து உடம்பில் தேங்கினால் பசி போகும், குமட்டும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஐந்தும் வாங்கினேன்.

வார்டில் கதையே வேறு. ஆண்கள் வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில்கள், காலை மருந்து கொடுக்க மாணவிகள் இரண்டே பேர். ஒன்பது மணிக்கு டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதல் வாரம் ஆசிரியை கூடவே நின்றதால் ஒழுங்காக எண்ணினோம். அவர் வேறு வார்டுக்குப் போனதும், சார்ட்டில் நாடிக்கான கட்டத்தை மேஜையில் உட்கார்ந்தே நிரப்ப ஆரம்பித்துவிட்டோம். என் கூட்டாளியை நாங்கள் ‘வானொலி’ என்போம், அப்படி ஒரு வாய். அவள் எல்லாருக்கும் எழுபத்திரண்டு என்று எழுதித் தள்ளுவாள். “செத்தவனுக்கும் எழுபத்திரண்டு போடுவேடி நீ” என்று கிண்டல் செய்வேன். நான் அவளைவிடக் கெட்டிக்காரி. ஒரு நாள் எழுபத்தாறு, மறுநாள் எழுபத்திரண்டு, அடுத்த நாள் எழுபத்தெட்டு என்று மாற்றிப் போடுவேன். பார்த்தால் சத்தியமாக எண்ணியது போலவே இருக்கும். பொய்யிலும் நான்தான் முதல்.

பதினோராம் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மாணவிகள் கூட்டமாக அவரைச் சூழ்ந்தால், “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்பார். வார்டே சிரிக்கும். டிஜாக்சின் அவருக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி சொன்னார். “ரெண்டு வாய்க்கு மேல உள்ள எறங்கலம்மா இவருக்கு.”

“ஆஸ்பத்திரிச் சாப்பாடு யாருக்கும்மா எறங்கும்?” என்றேன்.

புதன்கிழமை அவரே சொன்னார். “பாப்பா, லைட்டைச் சுத்தி மஞ்சளாத் தெரியுது.”

“நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்க கண்ணாடி மட்டும் இன்னும் டியூட்டி பாக்குதுப்பா. அதை மாத்துங்க” என்று சொல்லி மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். சிரித்துக்கொண்டே விழுங்கினார். நான் ஐந்து மதிப்பெண் வாங்கிய விடையைத்தான் அந்த மனிதர் தன் வாயால் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போகும் அவசரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் மனைவியின் தோளிலேயே சரிந்தார். வார்டு சிஸ்டர் ஓடிவந்து நாடியை எண்ணினார். முப்பத்தாறு.

டாக்டர் ஊசி போட்டு, ஈசிஜி எடுத்துப் பார்த்தார். “டிஜாக்சின் போயிட்டிருக்கு டாக்டர். அதனால இருக்குமோ?” என்று சிஸ்டர் கேட்டார்.

டாக்டர் சார்ட்டைப் புரட்டினார். “மருந்து தேங்கியிருந்தா நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கணுமே. இன்னிக்குக் காலைல ஏழரைக்குக்கூட எழுபத்து நாலு இருந்திருக்கு. இது திடீர்னு வந்தது, சிஸ்டர். ஹார்ட் அட்டாக்காத்தான் இருக்கும்.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “நீதானே எண்ணினே?”

“ஆமா சிஸ்டர்.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு டாக்டர் மாரடைப்புக்கான வைத்தியத்தை ஆரம்பித்தார். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன், டிரிப்ஸ் பாட்டிலைப் பிடித்தேன். வாயைத் திறந்தால் படிப்பு போய்விடும், தெரு முழுக்க ‘என் பொண்ணு நர்ஸு’ என்று சொல்லிவைத்திருக்கும் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றெல்லாம் மனம் ஓடியது. எதிரே ஒரு உயிர் போராடிக்கொண்டிருந்தபோது நான் நினைத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு அவர் வாந்தி எடுத்தார். நிமிர்ந்து மனைவியிடம், “உன் முகமே மஞ்சளா இருக்கே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நான்கு நாட்களும் நான் எண்ணவில்லை, எல்லாம் நானாகப் போட்ட எண்கள் என்று.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தார். டிஜாக்சினை முறிக்கும் மருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வர இரண்டு மணி நாற்பது நிமிடமாகும் என்றார்கள்.

மருந்து ஒன்றரைக்கு வந்தது. அவர் ஒன்று பத்துக்கே போய்விட்டார்.

இந்தக் கணக்கை நான் போடாத நாளில்லை. பத்து மணிக்கே சொல்லியிருந்தால் மருந்து பன்னிரண்டு நாற்பதுக்கு வந்திருக்கும். அரை மணி நேரம் கையில் இருந்திருக்கும். திங்கட்கிழமையே எண்ணியிருந்தால் மருந்தே தேவைப்பட்டிருக்காது.

“நடந்ததை எழுதிக் குடு. நாளைக்குக் காலைல பிரின்சிபால் ரூமுக்கு வா” என்றார் சிஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மாகிட்ட இப்ப எதுவும் வாயத் தொறக்காதே.”

அந்த அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று பார்த்தேன். அவரே என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“நீ சொல்லித்தான் மாத்திரைல கோளாறுன்னே தெரிஞ்சுதாமே. டாக்டர் சொன்னாரு. உன்னால முடிஞ்சத நீ பாத்தே, தாயே. நீ நல்லா இருக்கணும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாழ்த்தைத் தாங்க முடியவில்லை.

“நான் எண்ணவே இல்லம்மா. தினமும் நாடி பாத்துட்டுத்தான் அந்த மாத்திரையக் குடுக்கணும். நாலு நாளா நான் பாக்கவே இல்ல. மேஜைல உக்காந்து சும்மா எழுதினேன். பாத்திருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்போம். அவரு இருந்திருப்பாரு.”

அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“தினம் ஏழரைக்குச் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, கையைப் போர்வைக்கு வெளிய எடுத்து வச்சுக்குவாரு. ‘அந்தப் பாப்பா பாவம், ஓடிக்கிட்டே இருக்கு, நாம தயாரா இருப்போம்’னு சொல்லுவாரு. நீ மாத்திரைய மட்டும் குடுத்துட்டுப் போயிடுவே. ‘கையைப் பாக்காமலே போவுது பாரு, அப்ப எனக்குத் தேவலாம் போலிருக்கு, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க’ன்னு ஒரே சந்தோஷம் அவருக்கு.”

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் என் கையை விட்டார்.