ஆறு பேருக்கான சஹன்

என் மகள் இல்மா வலது கையில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவளுடைய கணவன் பஹீமின் கதை ஊருக்குள் வந்துவிட்டது. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். கண்டி டவுனில் தரை ஓடு விற்பவன் அவன். எந்த ஓடு வழுக்கும், எது வழுக்காது என்று ஊருக்கே சொல்லிக் கொடுப்பவன். அவனுடைய வீட்டில்தான் என் மகள் வழுக்கி விழுந்தாளாம்.

உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்ததும் இல்மா ஒரே வசனம் சொன்னாள்.

"கதவுக்கும் நிலைக்கும் நடுவுல கைய வெச்சு அமத்தினாரு வாப்பா."

என் மனைவி ஹபீலா வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் ஷிராஸ் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

"எங்க போற?"

"கடைக்கு. அவன்ட ரெண்டு கையயும் ஒடச்சிட்டு வாரன்."

"சாவிய வை."

"வாப்பா, நீங்களும் ஒரு தகப்பனா?"

"நீ ஒடச்சா அவன் ஆஸ்பத்திரில படுத்துக்குவான். ஊரே தோடம்பழம் வாங்கிட்டுப் போய் அவனப் பாக்கும். சாவிய வை மகன்."

பழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழி சரியான இடத்தில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். நிக்காஹ் அன்று பெண்ணின் வலியாக, அதாவது அவளைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பாளியாக நின்று, பஹீமின் வலது கையைப் பிடித்து, சபை பார்த்திருக்க என் மகளை அவனிடம் ஒப்படைத்தவன் நான். சபையில் பெற்றுக்கொண்டதை அவன் அறைக்குள் வைத்து உடைத்தான். ஆகவே தண்டனையும் சபையில்தான் நடக்க வேண்டும்.

அடுத்த நாளே ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். அந்தச் செய்தி எட்டியதும் பஹீம் தன் சிநேகிதன் ஸாகியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. தானாகவே உட்கார்ந்து காலுக்கு மேல் கால் போட்டான்.

"மாமா, கோர்ட்டு கீர்ட்டெல்லாம் என்னத்துக்கு? புருசன் பொஞ்சாதி கத. நாலு செவத்துக்குள்ள முடிச்சிக்குவோம்."

"நாலு செவத்துக்குள்ளதானே கைய ஒடச்ச."

அவன் ஸாகியைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா மச்சான், மாமாட கோவத்த. மாமா, எனக்கு ஒங்களத் தெரியும். தாஸிம் ஹாஜியார் தன்ட மகள்ட கதய சபையில எடுப்பாரா? தபால் கந்தோர்ல வேல செஞ்ச காலத்துலயே கடுதாசிய ஒட்டித்தானே குடுப்பீங்க. தொறக்க மாட்டீங்களே."

ஸாகி கையைத் தட்டிச் சிரித்தான். நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். "போங்க" என்று மட்டும் சொன்னேன்.

பஹீம் செய்த பிழை அதுதான். மானமுள்ள குடும்பம் வாய் திறக்காது என்று கணக்குப் போட்டான். நான் ஓய்வு பெற்ற தபாலதிபர், வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவில் பேசாதவன், உண்மைதான். ஆனால் எங்கள் குடும்பத்தின் மானம் இல்மாவின் கையில் இருந்தது. அவன் உடைத்தது அந்தக் கையைத்தான்.

நீதவான் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்தார். பஹீம் எங்கள் வீட்டுப் பக்கம் வரக் கூடாது, இல்மாவோடு பேசக் கூடாது. அவன் அதை மழைக்கோட்டில் விழுந்த தண்ணீர் போல உதறிவிட்டான். மாமனாரின் திமிர், பொம்பளையின் பிடிவாதம் என்று கடையில் வருகிறவர்களிடம் சொன்னான். ஊரும் பாதி நம்பியது. கை உடைந்தவள் வீட்டுக்குள் இருந்தாள். கையை உடைத்தவன் பள்ளிவாசல் முன்வரிசையில் தொழுதான்.

அந்த நேரத்தில்தான் பிரதேச செயலகத்திலிருந்து அழைப்பு வந்தது. குடும்பங்களில் பெண்களுக்கு எதிரான வன்முறையைக் குறைப்பதற்கு அரசாங்கம் ஒரு திட்டம் தயாரிக்கிறது, ஊர்ப் பெரியவர்களின் ஆலோசனை தேவை என்றார்கள். ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் என்ற வகையில் என்னையும் அழைத்திருந்தார்கள். எங்கள் பள்ளிவாசல் சார்பில் யார் பேசப் போகிறார் என்று விசாரித்தேன். பஹீம். நன்றாகப் பேசுவான் என்று அவனைத் தெரிவு செய்திருந்தார்களாம்.

அன்று மாலை இல்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மகள், நாளைக்கு நான் சபையில பேசப் போறன். நீ வேணாம்டு சொன்னா பேச மாட்டன்."

அவள் மாவுக்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசுங்க வாப்பா. ஆனா 'ஒரு பொம்புள'ன்டு பேசாதீங்க. என்ட பேரச் செல்லுங்க."

கூட்டத்தை நடத்தியவர் பிரேமிளா என்ற மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர். மேசையில் அவருக்குப் பக்கத்தில் பிரதேச செயலாளர். எங்கள் பள்ளிவாசல் தலைவர் நிஸாம் முன்வரிசையில் இருந்தார். பஹீம் எழுந்து பொறுமையைப் பற்றிப் பேசினான். மனைவி அல்லாஹ் நம்பி ஒப்படைத்த அமானிதம் என்றான், பூப்போல நடத்த வேண்டும் என்றான். சில பேர் தலையாட்டினார்கள்.

பிரேமிளா கேட்டார்: "போஸ்டர் ஒட்டலாம், வகுப்பு வைக்கலாம். அதெல்லாம் நாங்க செய்வோம். ஒங்க ஊருல நீங்க என்ன செய்வீங்க? அதத்தான் திட்டத்துல எழுதணும்."

நான் எழுந்தேன்.

"என்ட பேரு தாஸிம். என்ட மகள்ட பேரு இல்மா. இப்ப பூவப் பத்திப் பேசினவர் என்ட மருமகன். அவர்தான் என்ட மகள்ட வலது கையக் கதவுல வெச்சு ஒடச்சவர். நீதவான்ட கட்டளை அவர் மேல ஈக்கிது."

பஹீம் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. ஒட்டிய கடிதம் திறந்துகொண்டது அல்லவா.

"மாமா, இது குடும்ப விசயம்..."

"நீ ஒக்காரு. நான் பேசி முடிக்கல." செயலாளரின் பக்கம் திரும்பினேன். "எங்கட கல்யாண வீட்டுல ஒரே பெரிய தட்டுல ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிடுவோம். சஹன்டு செல்ற. பக்கத்துல இருந்து ஒரே சோத்துல கை வெச்சா, நீயும் எங்கள்ள ஒருத்தன்டு அர்த்தம். நீதவான் கட்டளை உள்ளவனோட எங்கட ஊருல யாரும் சஹன்ல இருக்கப்படாது. இதுதான் என்ட யோசன."

நிஸாம் தடுமாறினார். "ஹாஜியார், மனிசனுக்குச் சோறு இல்லன்டு செல்ல ஏலாதே. பாவம்."

"யாரு இல்லன்டு சொன்ன? முழுச் சஹனும் வைங்க. கோழி வைங்க, வட்டிலாப்பம் வைங்க. பக்கத்துல மட்டும் ஒக்காராதீங்க."

பின்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிரேமிளா குனிந்து எழுதிக்கொண்டே, "இத சமூகப் புறக்கணிப்புன்னு போடலாம் ஐயா" என்றார். என்ன பெயரை வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டுவிட்டேன். செயலாளர் நிஸாமை நேராகப் பார்த்து, பள்ளிவாசல் இதை ஏற்குமா என்று கேட்டார். அத்தனை பேர் முன்னிலையில், அதுவும் அவர் அனுப்பிய பேச்சாளனே இப்படி மாட்டிக்கொண்ட பிறகு, நிஸாம் என்ன செய்வார்? ஏற்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அறிவித்தார்கள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அறிவிப்பது வேறு, நடப்பது வேறு. அது எனக்கும் தெரியும், பஹீமுக்கும் தெரியும். மாத முடிவில் ஊரில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பஹீமிடம் ஓடு வாங்குகிறவர். "நான் போவன், எவன் எழும்பிப் போறான்டு பாப்போம்" என்று அவன் சவால் விட்டதாக ஷிராஸ் வந்து சொன்னான். ஒரே ஒருவன் அவனோடு உட்கார்ந்தால் போதும், மாடிப்படிக் கதை ஜெயித்துவிடும். என் மகள் காலம் முழுக்கப் பொய்க்காரியாக இருக்க வேண்டியதுதான்.

பெண்களுக்கு மேல்மாடி. ஹபீலா இல்மாவைக் கூட்டிக்கொண்டு பின்வாசலால் மேலே போனாள். கீழே ஆண்களுக்குப் பாய் விரித்திருந்தார்கள். பஹீம் புது வெள்ளைச் சட்டையோடு வந்து, வேண்டுமென்றே மண்டபத்தின் நடுவில் இருந்த சஹனில் உட்கார்ந்தான். நான் அடுத்த பாயில், அவன் முகம் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி உடனே ஐந்து பேர் நிறைந்தார்கள்.

பரிமாறுகிறவன் வந்து பஹீமின் சஹன் மூடியைத் திறந்தான். ஆவி எழும்பியது. ஆறு பேருக்கான சோறு, நடுவில் முழுக் கோழி.

"வாங்க நானா, இங்க எடம் ஈக்கிது," என்று வயதில் மூத்த ஒருவரை அழைத்தான். அவர் கேளாதவர் போல நடந்தார். இன்னொருவர் செருப்பைத் தேடப் போனார். இரண்டு பேர் வேறு சஹனில் எட்டுப் பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஸாகி வந்தான்.

"மச்சான், வா!" பஹீமின் குரலில் உயிர் வந்தது. "நீயாவது ஆம்புள."

ஸாகி பாயின் ஓரம் வரை வந்தான். ஒரு முழங்காலை மடக்கினான். என் கை சோற்றில் அப்படியே நின்றது. அவன் சுற்றிப் பார்த்தான். மண்டபத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளகள் ஈக்கிது மச்சான்," என்று முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தான்.

பஹீம் சோற்றில் கை வைத்தான். எடுக்கவில்லை. நிக்காஹ் அன்று நான் பிடித்த அதே வலது கை. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க. பசியோட எழும்பிறப்படாது."

மண்டபம் சிரித்தது. அவன் எழுந்து, கை கழுவாமலே வெளியே போனான். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு கடைசி இனிப்பான வட்டிலாப்பம் வரைக்கும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு எத்தனையோ காலம்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் ஹபீலா மேல்மாடிக் கதையைச் சொன்னாள். இல்மாவின் சஹனில் இடம் பிடிக்கப் பெண்கள் முட்டிமோதினார்களாம். கட்டுப் போட்ட கையால் அவளுக்குச் சாப்பிட முடியாது. ஆளுக்கொரு வாயாக ஊட்டினார்களாம். ஸாகியின் பெண்சாதி ஜஹானாதான் முதல் வாய் ஊட்டினாளாம்.

"அவர் சாப்பிட்டாரா வாப்பா?" என்று இல்மா கேட்டாள்.

"ஒரு பருக்க இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் உதடு லேசாகச் சிரித்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பஹீமுக்கும் அழைப்பு போயிருக்கிறது. மறக்காமல் அனுப்பச் சொன்னது நான்தான். அவனுக்கென்று ஒரு முழுச் சஹன் வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.