முன்னால் தள்ளிய சீட்

...பூஞ்சைதான், வேறென்ன, பழைய ரொட்டியில் பூக்குமே அதே வெள்ளை, பின்சீட்டு பூராவும், இதையா மூன்று வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தோம், தஸ்லீமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. போன லீவில் புருஷன் முஜிபுர் ஆசை ஆசையாய்த் தோல் சீட்டு போட்டு வாங்கின கார். பிளாஸ்டிக்கை யாரும் கிழிக்க வேணாம், எம்புள்ள வந்து அவன் கையால கிழிக்கட்டும் என்று மாமி மஹபூப் பீவி சொன்னதுதான் சட்டம், கோட்டக்குப்பத்து உப்புக்காற்றுக்கு அந்தச் சட்டம் தெரியுமா, உள்ளுக்குள்ளேயே வேர்த்து, வேர்த்து... நாளைக் காலையில் திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவான், கத்தார் வேண்டாம், இனி ஊரோடு என்று வருகிறவனுக்கு இந்த வாடைதானா வரவேற்பு? தேங்காயெண்ணெயைத் தடவிப் பளபளப்பாக்கலாமா, வேணாம், பிசுபிசுத்துப் போகும். வெயிலில் காட்டினால் வெடித்துவிடும். பிளாஸ்டிக்கை உரித்துப் போட்டு, சோப்புத் தண்ணியில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, மெல்லத் துடைத்து, கதவு நாலையும் திறந்து நிழலில் காயவிட்டு, அப்புறம்தான் கிரீம். போகுது பார், போகுது, தழும்புகூட இல்லை, அல்லாஹ்வே.

டிரைவர் சீட்டில் மட்டும் ஒரு புள்ளி இல்லை, எப்படி இருக்கும், அதன் பிளாஸ்டிக்கை அவள் கிழித்து ஒரு வருஷம் ஆகிறதே. மயிலத்தில் காலேஜ் வேன் ஓட்டும் தோழி கலைமதி பக்கத்தில் பிளாஸ்டிக் கிறீச்சிட உட்கார்ந்து, கிளட்ச்சை மெதுவா விடு தஸ்லீமா, மெதுவா... இதெல்லாம் முஜிபுருக்குத் தெரியாது, வண்டியை யார் ஸ்டார்ட் பண்றா என்று போனில் கேட்டபோதெல்லாம் உன் தம்பிதான் என்று புளுகியாயிற்று. நாளைக்கு ஒரு டிரைவரை ஏற்பாடு பண்ணு என்றான், சரி என்றாள், பண்ணவில்லை. ஸ்டியரிங்கில் அவளைப் பார்த்தால் சிரிப்பானா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானா? எதிரில் மாமி வந்து நின்றதே தெரியவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு மாமி கேட்டாள்.

"அந்த ஒரு சீட்டு மட்டும் எப்படிம்மா பொழச்சுது?"

"நான் ஒக்காந்துக்கினு இருந்தேன் மாமி."

முடிந்தது கதை என்று தஸ்லீமா துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"அப்ப எல்லாத்துலயும் ஒக்காந்திருக்கலாம் இல்ல? ஜல்தி தொடை, நாளைக்கு நானும் வர்றேன், பின்னால ஒக்காந்துக்கறேன்."

இந்த மாமியா, தெரிந்தேதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளா, மனசு பஞ்சாகிவிட்டது தஸ்லீமாவுக்கு. அடியில் கிடந்த மண்ணைத் துடைக்க டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாள், துடைத்தாள், ஏறி உட்கார்ந்து பார்த்தாள், கால் எட்டவில்லை, இது அவன் காலுக்கு ஆன தூரம், வாங்கின அன்றைக்கு இப்படித்தான் இருந்தது. இப்படியே விட்டுவிடலாமா, வந்ததும் சாவி கேட்பான், அவன் வண்டிதானே, அவன் சம்பாத்தியம்தானே, கொடுக்கத்தான் வேண்டும், கொடுப்போமா... லிவரைத் தூக்கி சீட்டை முன்னால் இழுத்தாள். டொக்கென்று மாட்டியது. கால் கிளட்ச்சில் பதிந்தது. இதில் அவன் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும், இடிக்கட்டுமே, கேட்பான், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், சீட்டைத் திரும்பத் தள்ளத்தான் கை வரவில்லை.