பூட்டு நட்டு

பவுலினுக்கு வந்த ஆத்திரத்தில் கார் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள். வலித்தது அவள் கால்தான். காற்றுப் போன சக்கரத்துக்கு என்ன வந்தது?

அக்கா ரோஸலிண்ட் லிங்கன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்க்க வேண்டுமென்றால் உடனே வாருங்கள் என்று காலையில் நர்ஸ் போனில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிராமத்துக்குப் பஸ் கிடையாது. டாக்சிக்காரன் சாயங்காலம்தான் என்கிறான். டிக்கியில் நல்ல ஸ்டெப்னி இருக்கிறது, மாட்டத்தான் வழியில்லை. சக்கரத்துக்கு ஒன்றாகப் பூட்டு நட்டு போட்டு வைத்திருக்கிறான் புருஷன் நைஜல். அதற்கென்றே செய்த சாவி இல்லாமல் அது கழலாது. சாவியை எங்கே ஒளித்தான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது.

யாரையும் நம்பாத பிறவி. இந்த ஓட்டைக் காரின் சக்கரத்தைத் திருட எந்தப் புண்ணியவான் வரப்போகிறான்? டீத்தூள் டப்பா முதல் தோட்டத்து பூட்ஸ் வரை கவிழ்த்துப் பார்த்தாயிற்று.

"டிக்கியில பாத்தியா?" என்றாள்.

"திருடன் மொதல்ல அங்கதான் கை வைப்பான். அங்க வைக்க நான் என்ன முட்டாளா?"

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் பழைய மெக்கானிக். கண் மங்கி கார் ஓட்டுவதை நிறுத்தியவர், கருவிகளை மட்டும் விடவில்லை. ஆனால் அவருடைய வேலிச்செடி உயரமாகிவிட்டது என்று நைஜல் கவுன்சிலில் புகார் கொடுத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அந்த ஆளிடம் போய் நிற்காதே என்று இப்போதும் முறைத்தான். அக்கா சாகக் கிடக்கிறாள், இவனுக்கு வேலி பெரிதாகப் போயிற்று. பவுலின் போய்க் கதவைத் தட்டினாள்.

டெஸ்மண்ட் உடனே கருவிப் பெட்டியோடு வந்தார். நட்டைவிடக் கொஞ்சம் சிறிய வாயுள்ள சாக்கெட் ஸ்பேனரை அதன் தலையில் வைத்து அடித்து ஏற்றினால் கவ்விக்கொள்ளும், பிறகு நீளக் கம்பி போட்டுத் திருகலாம் என்றார்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. நீங்களே அடிங்க."

சக்கரத்தில் கீறல் விழும் என்று நைஜல் முனகினான். பவுலின் அடித்தாள். அவன் பூட்டி வைத்த அலமாரி, கராஜ், தோட்டத்துக் கேட் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தாள். முதலில் வழுக்கியது, அப்புறம் கவ்வியது. கம்பியின் மேல் ஏறி நின்றதும் நட்டு கிறீச்சிட்டுக்கொண்டு கழன்றது.

டெஸ்மண்ட் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அதன் அடியில், ஒரு பழைய காலுறைக்குள், சாவி. அதை எடுத்து நைஜலின் கையில் வைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினார்.

பவுலின் காரில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அதே நர்ஸ். இப்போதுதான் முடிந்ததாம். தங்கச்சி வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

போனை மடியில் போட்டாள். நைஜல் சாவியோடு ஜன்னலில் குனிந்தான். முகத்தில் சிரிப்பு வேறு.

"பாத்தியா? பத்திரமாத்தான் இருந்திருக்கு."

"அவ போயிட்டா, நைஜல்."

சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கி, டெஸ்மண்டின் வேலிச்செடிக்குள் விட்டெறிந்தாள். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதுதான் சாவி. தேடட்டும். அவள் வண்டியைக் கிளப்பவும், நானும் வருகிறேன் என்று அவன் சுற்றி ஓடிவந்து மறுபக்கக் கதவை இழுத்தான். அதை அவள் பூட்டியிருந்தாள்.