மஞ்சள் வீடும் இரட்டைப் பனையும்

கோவளத்து ஏசுபாதத்துக்குச் சொத்து என்று இருந்தவை ஒரு கட்டுமரம், நாலு தூண்டில், ஒரு ரகசியம். முதல் இரண்டையும் கேட்டவர்களுக்கு இரவல் கொடுப்பான்.

ரகசியம் கடலுக்குள் இருந்தது. ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டால் நீருக்கடியில் ஒரு பார். வெறும் பாறைதான், ஆனால் சங்கரா மீன் அதைச் சுற்றிப் பந்திக்கு முந்துகிற கூட்டமாக நிற்கும். கடலில் கல் நட்டு எல்லை காட்ட முடியுமா? கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். சத்தியநாதன் வாத்தியாரின் மஞ்சள் மாடி வீட்டுக்கு நேர் மேலே மாதா கோவில் சிலுவை ஏறி நிற்க வேண்டும். தெற்கே, அதே வாத்தியாரின் சவுக்குத் தோப்பு ஓரத்தில் நிற்கும் இரட்டைப் பனை, ஒற்றைப் பனையாகத் தெரிய வேண்டும். இரண்டும் கூடி வந்த இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் கூடை நிறையும்.

எண்பத்திரண்டில் அந்த வீடு எழும்பிய வருஷமே ஏசுபாதம் கண்டுபிடித்த இடம் அது. ஆறு வருஷமாக ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. விடியலில் வடக்கே போவதுபோலப் போக்குக் காட்டி, கரையில் நிற்பவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பாருக்குத் திரும்புவான்.

ஒரு நாள் காலை அவன் மனைவி தனம் கஞ்சி ஊற்றிக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். தாம்பரத்தில் தெருத்தெருவாக மீன் விற்கிறவள் அவள். வாத்தியார் இப்போது அங்கே குடியிருக்கும் வீடு அவளுக்கு வாடிக்கை.

"வாத்தியாரு இங்க கீற மாடி வூட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கப் போறாராம்."

ஏசுபாதம் கஞ்சியைக் கீழே வைத்தான். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. பச்சை அடித்தால் வீடு தோப்போடு தோப்பாகப் போய்விடும், பாரும் போச்சு. வேண்டாம் என்று காரணம் சொன்னாலோ ரகசியம் போச்சு.

மறுநாள் கொழுத்த சங்கராவாக இரண்டை ஓலைப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறினான். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி சீட்டைக் காட்டினார்.

கிழக்குத் தாம்பரத்தில் வாத்தியார் வீட்டு வராண்டாவில் அப்பாதுரை காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தனத்தின் கூடப்பிறந்த அண்ணன், அவனும் கோவளத்துக் கட்டுமரக்காரன்தான். அவன் காலடியிலும் ஓர் ஓலைப்பை, அதிலிருந்தும் சங்கரா வால் எட்டிப் பார்த்தது.

"இன்னா மச்சான், இந்தப் பக்கம்?"

"சும்மாதான். நீ?"

"நானும் சும்மாதான்."

சத்தியநாதன் வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வாப்பா. மஞ்சளை மாத்தினா மாதாவுக்கு ஆகாதுங்கறார் இவர். நாங்க சி.எஸ்.ஐ. ஆச்சே, மாதாவைக் கும்பிடறதில்லையே. நீ என்ன சொல்ல வந்தே?"

வழி நெடுக ஏசுபாதம் தயார் செய்திருந்த பொய்யும் மாதாதான். அதை விழுங்கிவிட்டு, "பச்சை உப்புக் காத்துக்கு நிக்காது சார்" என்றான்.

"அது பேச்சு. சரி, மஞ்சளே இருக்கட்டும்."

ஏசுபாதம் மனதைத் தேற்றிக்கொண்டான். மச்சானுக்கு வீடு மட்டும்தான் தெரிந்திருக்கும். பனை தெரியாதவனுக்குப் பார் ஏது?

மீனை வாங்க உள்ளேயிருந்து வந்த வாத்தியாரின் மனைவி தபீதாள் சொன்னார்: "பெயிண்ட் அடிக்க ஆள் வர்றப்பவே தோப்போரம் நிக்கற அந்த ரெண்டு பனையையும் வெட்டிடச் சொல்லுங்க."

"வாணாம்மா."

இரண்டு குரல் ஒன்றாக வந்தது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். பனை பிழைத்தது, ஏசுபாதத்தின் ரகசியம் பிழைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டலூர் தாண்டியதும் ஏசுபாதம் கேட்டான்.

"எத்தினி வருசமா?"

"நாலு."

"யாரு சொன்னா?"

"தனம்தான். நீ தூக்கத்துல சிலுவைய மஞ்ச வூட்டு மேல ஏத்திட்டு, பனைய எண்ணுறியாம். 'ரெண்டு, ரெண்டு, ஆங், ஒண்ணாச்சி, கல்லப் போடு'ன்னு. தெனமும்."

ஏசுபாதத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கட்டினவளே காட்டிக் கொடுத்துவிட்டாளே. "அப்போ ஒரு நாள்கூட உன்ன நான் அங்க பாக்கலியே?"

"விடியல் உனக்கு, மத்தியானம் எனக்குன்னு அவதான் பிரிச்சி வுட்டா. நேரம் மாறி மரத்த எறக்கினா கைய ஒடைச்சிடுவேன்னா."

கேளம்பாக்கத்தில் பஸ் நின்றதும் ஏசுபாதம் மச்சான் பக்கம் திரும்பினான். "பெயிண்ட் சேதியும் அவதான் சொன்னாளா?"

"பின்ன? உன்கிட்ட சொல்லிட்டு நேரா என் வூட்டுக்குத்தான் வந்தா. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது ஒழுங்கா பொய் சொல்லுவான்னா."

மறுநாள் விடியலில் ஏசுபாதம் கட்டுமரத்தைத் தள்ளி, மூக்கை நேரே பாருக்குத் திருப்பினான். கரையில் கூடையோடு நின்ற தனம் குரல் கொடுத்தாள்.

"இன்னா, இன்னிக்கு வடக்கால சுத்திகினு போவலியா?"