வெறும் சர்க்கரை

அக்கா குணமாலா மருந்துப் பொட்டலத்தை விரல் நுனியால் நகர்த்தி, டாக்டர் சுமதிநாதன் பக்கமே திருப்பி வைத்தாள்.

"இது அதானேபா? நேத்து மேடையில சொன்னியே, அதானே?"

வாயிலிருந்த இட்லியை அவர் மெல்லாமலே விழுங்கினார். மருந்தின் பெயரை நோயாளிக்குச் சொல்லக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். கல்கத்தாவில் இளவயதில் ஹோமியோபதி படித்தபோது அவர் கற்றதும் அதுதான். பிறகு லண்டன், நைரோபி, கொழும்பு, ஏதென்ஸ் என்று போன இடத்திலெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான். பெயர் தெரிந்துவிட்டால் ஆள் மருந்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பான், உடம்பு சொல்வதைக் கவனிக்க மாட்டான் என்பார். அந்தப் பாடத்தை நேற்று அவரே காற்றில் பறக்கவிட்டிருந்தார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடம். பட்டுக்கடைக்காரர்கள், தறிக்காரர்கள், வாத்தியார்கள் என்று நல்ல கூட்டம். உலகம் சுற்றிவந்த நம்மூர் வைத்தியர் என்று மாலை போட்டார்கள். முன்வரிசையில் அக்கா, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, இத்தனை பேரும் தன் தம்பியையா பார்க்கிறார்கள் என்ற பூரிப்பில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தைப் பிடிக்க டாக்டரிடம் ஒரு தேனீக் கதை உண்டு. எந்த ஊரிலும் அது எடுபடும். தேனீ கொட்டினால் வீங்கும், எரியும், ஊசி ஊசியாகக் குத்தும், சூடு தாங்காது, ஈரத்துணி வைத்தால் இதமாக இருக்கும். அதே மாதிரி வலிக்கிறவனுக்கு அந்தத் தேனீதான் மருந்து. உயிருள்ள தேனீக்களைப் பிடித்து நசுக்கி மருந்தெடுக்கிறார்கள் என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நசுக்கியும் காட்டினார். லண்டனில் கைதட்டினார்கள். இங்கேயும் தட்டினார்கள்.

தான் எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் மனிதருக்கு ஞாபகம் வரவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்காத, விளக்கில் பூச்சி விழுமே என்று பொழுதிருக்கும்போதே சாப்பிட்டு அடுப்பை மூடிவிடுகிற சமண வீடு. தேனைக்கூட நாக்கில் வைக்காதவர்கள். நசுக்கியதைச் சாராயத்தில் ஊறப்போடுவார்கள் என்பதை நேரமில்லாமல் சொல்லாமல் விட்டது அருகன் செய்த புண்ணியம்.

அக்காவின் முழங்கால்தான் இந்த முறை அவரை ஊருக்கு இழுத்து வந்திருந்தது. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சமணக் கோயில். இரண்டு வருஷமாக அங்கே அவளால் காலை மடித்து உட்கார முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கும்பிட்டுவிட்டு வருகிறாள். வந்த அன்று மாலையே அவர் அவளை எதிரில் உட்காரவைத்து, முறைப்படி எல்லாம் கேட்டார். தாகம் எடுக்குமா, என்ன கனவு வருகிறது, வெயில் ஒத்துக்கொள்கிறதா, அழுகை வந்தால் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும் போலிருக்குமா.

"பக்கத்துல யாருபா இருந்தாங்க? உங்க மாமா போனப்ப நீ ஆப்பிரிக்காவுல இருந்த. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்களேன்னு அன்னிக்கி நான் அழல. அப்புறம் பருப்பு கழுவுற சாக்குல கெணத்தடிக்குப் போயி அழுதுட்டு வருவேன். யாரும் கேக்கலியே. நீ கேக்குற, சொல்றேன்."

'தனியாக அழுவார்' என்று அவர் குறித்துக்கொண்டார். எத்தனை ஊரில் எத்தனை பெண்களுக்கு எழுதிய வரி அது! எழுதி முடித்த பிறகுதான் இது அக்கா என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். வீக்கம், எரிச்சல், ஊசிக்குத்தல், ஈரத்துணிக்கு இதம். தேனீ மருந்துதான், சந்தேகமே இல்லை என்று முடிவு செய்தார்.

"சொல்லுபா. அதானே?"

"அதுதான்கா. ஆனா இதுல தேனீ கிடையாது." மேடையில் விளக்குவதைப் போலவே விளக்கினார். ஒரு சொட்டு எடுத்து நூறு பங்காகக் கரைத்துக் குலுக்குவார்கள். அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடியும் கரைத்துக் குலுக்குவார்கள். இப்படியே இருநூறு தடவை. "கடைசியில எதை வச்சித் தேடினாலும் தேனீ அகப்படாது."

அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப ஒண்ணுமே இல்லியா? வெறும் சர்க்கரையா? அத உன் வாயால சொல்லுபா. நீ சொன்னா இப்பவே போட்டுக்கறேன். நீ பொய் சொல்ல மாட்ட."

அவரால் சொல்ல முடியவில்லை. வெறும் சர்க்கரை! ஆங்கில மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் அவர் முகத்துக்கு நேரே எறிந்த வார்த்தை. அதற்கு எதிராகத்தான் அவர் தொண்டை வற்றப் பேசிக்கொண்டு திரிந்தார். பொருள் இல்லை, ஆனால் அதன் குணம் இருக்கிறது என்று சொல்லலாம். குணம் இருந்தால் பாவமும் இருக்கும் என்று அக்கா பொட்டலத்தைத் தொடமாட்டாள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவள் சாப்பிடுவாள். ஆனால் இத்தனை வருஷமும் அவர் சொல்லிக்கொடுத்தது என்ன ஆகும்?

எழுந்து உள்ளே போய் மருந்துப் பெட்டியைத் திறந்தார். மருந்து ஏற்றாத சர்க்கரை உருண்டைகள் ஒரு சீசாவில் தனியாக இருந்தன. மருந்து வேண்டாத வேளையில், நோயாளியின் மனத்திருப்திக்காக மட்டும் கொடுப்பது. செடியிலிருந்து எடுத்த மருந்துகளும் இருந்தன. ஆனால் பொருந்தாத மருந்தைக் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. பொருந்துவதாக ஒன்றைத் தேடிப்பிடிக்கும்வரை இது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு வந்தார்.

"வேற கொண்டாந்திருக்கேன்கா. இதுல ஒண்ணும் இல்ல. வெறும் சர்க்கரைதான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி நாக்கை நீட்டினாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சர்க்கரை. மாலையில் பொழுதிருக்கச் சாப்பிட்டு முடித்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். உருப்படியாக மருந்துதான் தர முடியவில்லை, கேட்கவாவது செய்வோம் என்று அவர் கேட்டார். அவள் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். பம்பாய்க்குப் போன மகன் வராமலே போன தீபாவளிகளைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள், ஒருநாள் வாய்விட்டு அழவும் செய்தாள். ஊரூராகப் போய் என்னதான் பேசுகிறாய் என்று அவள் கேட்டதற்கு, பொருள் கரைந்து போனாலும் குணம் போகாது என்பதை அவரும் ஒருநாள் சொன்னார். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து வேறு மருந்து தேடவும் கை போகவில்லை.

லண்டனுக்குப் புறப்படும் வாரத்தில் ஒருநாள் காலை வீட்டில் அக்காவைக் காணோம். வாசலில் போய்க்கொண்டிருந்த தறிக்காரர் வீட்டு அம்சவேணி, "கோயிலுக்குப் போறாங்க டாக்டரே. நான் கூப்புடறதுக்குள்ள விறுவிறுன்னு போயிட்டாங்க" என்றாள்.

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் போனார். சன்னதிக்கு எதிரே தரையில் இரண்டு காலையும் மடித்து உட்கார்ந்து, அக்கா சமணர் வழக்கப்படி பலகையில் அரிசியால் சுவஸ்திகம் இட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாபா, ஒக்காந்துட்டேன். உன் மருந்துதான். லண்டன்ல உங்கிட்ட படிக்கிற புள்ளைங்களுக்கும் இதையே சொல்லிக்குடு. பாவமில்லாத மருந்து."

சந்தோஷம்தான் முதலில் வந்தது. பிறகுதான் அவர் யோசித்தார். வீக்கம் தானாகவே வற்றும் காலமா? வெயில் தணிந்ததா? கிணற்றடிச் சமாசாரத்தையெல்லாம் கொட்டித் தீர்த்ததா? எதுவாக இருந்தாலும் உலகமெல்லாம் அவர் தூக்கிச் சுமந்த பெட்டியின் மருந்துக்கு இதில் பங்கில்லை. இதே மாதிரி நைரோபியில், ஏதென்ஸில் எழுந்து நடந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை எழுப்பியது எது?

"அக்கா, நான்தான் சொன்னேனே, அதுல ஒண்ணும் இல்லன்னு."

"தெரியும்பா. ஒண்ணும் இல்லாததுல கூட குணம் இருக்குதுன்னுதானே நீ ஊரூராப் போயி சொல்லிக்கினு இருக்க?"

தூக்கிவிடுவதற்காக அவர் குனிந்து கையை நீட்டினார். அக்கா அதைப் பிடிக்காமல், தரையில் ஒரு கையை ஊன்றித் தானாகவே எழுந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் தன்னிடம் மிச்சமிருந்த அரிசியை அதில் கொட்டி, விரல்களை மடக்கி மூடினாள்.

"நீயும் வச்சிக் கும்புட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறிக்கொண்டிருந்த முற்றத்தில் இறங்கி, எதையும் பிடிக்காமல் நடந்துபோனாள்.