குழாயை மூடிய காகமும் ஒற்றைக் கேமரா கார்டும்

1

எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாயை ஒரு காகம் திறக்கிறது. ஆற அமரக் குளிக்கிறது. பிறகு பொறுப்பான குடும்பத் தலைவனைப்போல மூடிவிட்டுப் போகிறது. இந்தக் கதை பிறந்தது அந்தக் குழாயடியில்தான்.

(மூடுவது சுத்தப் பொய்.)

வாசகரே, அடைப்புக்குறிக்குள் பென்சிலால் நுழைந்தவள் என் மனைவி. நான் எழுதும் தாள் எதுவும் அவள் கைபடாமல் வீட்டு வாசலைத் தாண்டாது. 'நான்' என்று எழுதினால் நீங்களும் அவள் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். ஆகவே ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர் ஒருவரை நாயகனாக்குகிறேன். ஆறடி உயரம், தலை நிறையச் சுருட்டை முடி.

(இரண்டும் இல்லை.)

2

முதல் தொடக்கம்: 'கீழ்வானில் செம்மேகங்கள் மெல்லக் கலையும் வேளையில் சிக்னல்காரரின் உள்ளம்...' வேண்டாம். தண்ணீர் இங்கே வீணாகிறது. மேகத்தை அப்புறம் பார்ப்போம்.

இரண்டாவது: மொட்டைமாடித் தொட்டி மறுபடி காலி. கொல்லைக் குழாய் திறந்தே கிடந்தது.

"காகம் ஏதோ அவசரத்துல மூடாம போயிருக்கும்," என்றார் சிக்னல்காரர்.

"நல்லா இருக்குங்க! குழாய மூட மறக்குற ஆளு நாளைக்கு பிரேக் பிடிக்கவும் மறந்துருவீங்க." அவர் மனைவி ஸ்கூட்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "காகத்தக் காட்டுங்க. சாவியத் தர்றேன்."

(இந்த மனைவி நான் இல்லை. நான் இதைவிட நன்றாகத் திட்டினேன்.)

மாலையில் பாலம் தாண்டிப்போய் பழைய கூட்டாளிகளிடம் அளந்துவிட்டு வந்தால்தான் சிக்னல்காரருக்குத் தூக்கம் வரும். ஸ்கூட்டர் இல்லையென்றால் அவர் தண்டவாளமில்லாத ரயில்.

3

பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டைச் செருகினால், கேமரா பார்ப்பதையெல்லாம் அது பதிவு செய்யுமாம். காகத்தைப் படம்பிடிக்கக் கடைக்குப் போன சிக்னல்காரர்முன் கடைக்காரப் பெண் இரண்டு வகைக் கார்டுகளை எடுத்து வைத்தாள்.

"விலை ஒண்ணுதான் சார். இதுல நாலு கேமரா மாட்டலாம். ஆனா நாலும் பங்கு போட்டுக்கும், படம் விட்டு விட்டுத்தான் வரும். அதுல ஒரே கேமரா. படம் நிக்காம ஓடும்."

"நாப்பது கேமரா மாட்டுறது இருக்கா?"

"சார்..."

"சரி, நாலே குடும்மா."

நாலு தண்டவாளத்தை ஒரே பார்வையில் ஆண்ட கண்ணுக்கு ஒற்றைக் கேமரா அவமானமல்லவா?* வாசல், மாடிப்படி, அடுப்படி ஜன்னல், கொல்லை என்று நாலு மூலையிலும் மாட்டினார்.

* இரண்டு தண்டவாளம். நாலு என்றால்தான் வாக்கியம் நடக்கிறது.

மறுநாள் பதிவைப் போட்டார்கள். ஒரு படத்தில் வெறும் குழாய். அடுத்ததில் தண்ணீர் கொட்டுகிறது. கைப்பிடியின்மேல் ஒரு கை, அதற்குமேல் குனிந்த ஒரு தலை. காகம் திறந்ததைப் பார்த்து, மூடுவதற்காக ஓடிய நம் சிக்னல்காரரின் கை! காகம் வந்ததும் போனதும் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிட்டது.

"அடடா," என்றாள் மனைவி. "காகத்துக்கு வழுக்கை விழுந்திருக்கே!"

4

முடிவுகள் சிலவற்றை யோசித்தேன். சிக்னல்காரர் நடந்தே பாலம் தாண்டி இளைத்து அழகாகிறார். அல்லது காகமே வந்து காலிங்பெல்லை அழுத்தி...

(வேண்டாம்.)

வேண்டாம். நடந்ததையே எழுதுகிறேன். அவர் கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"அன்னிக்கே சொன்னேனே சார்!"

"சொன்னே. என் காதுல நாலுங்கிறது மட்டும்தான்மா ஏறுச்சு."

அவள் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள். ஒரு கார்டு, ஒரு கேமரா, கொல்லையைப் பார்த்தபடி. இந்த முறை என்ன ஆனாலும் வெளியே ஓடுவதில்லை என்று சிக்னல்காரர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில், இடுப்புச் சாவியோடு மனைவி.

திரையில் காகம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. கைப்பிடியின்மேல் உட்கார்ந்தது, கைப்பிடி கீழே இறங்கியது, தண்ணீர். கழுத்தைச் சிலிர்த்துச் சிலிர்த்துக் குளித்தது. பிறகு கைப்பிடிக்கு அடியில் அலகைக் கொடுத்து...

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். எழுதினாலும் யார் நம்பப்போகிறார்கள்? வாசகரே, முடிவு உங்கள் பாடு. இல்லையென்றால், இதோ, பென்சில் வைத்திருப்பவளையே கேளுங்கள்.

(ஆறடி பொய். சுருட்டை முடி பொய். முதலில் நான் எழுதிய 'சுத்தப் பொய்'யும் பொய். சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். காகம் மூடியது; நானும் பார்த்தேன்.)